பூசை அறையில் கூட்டிய மீன்கணக்கு

பாரிட் ஜாவா, மூவார்
12-1-1935

அக்காவுக்குப் பாக்கியம் எழுதுவது.

தாளின் தலையில் நீ "சிவமயம்" போடுவாய். நான் என்ன போடுவதென்று தெரியாமல் வெறுமையாக விட்டிருக்கிறேன், கோபிக்காதே. ஆறு வருஷத்துக்குப் பிறகு எழுதுகிறேன். சுகம் விசாரிக்க எழுதியதாகச் சொன்னால் அது பொய். ஒரு காரியத்துக்காகத்தான் எழுதுகிறேன்.

உன் வாயால் ஒரு தரமும் நீ சொல்லாத பெயர், ஜெயபாலன், என் வீட்டுக்காரர், அவர் இங்கே கடலில் ஒரு கேலோங் வைத்திருக்கிறார். கேலோங் என்றால் உனக்குத் தெரியாது. கடலுக்குள் நிபோங் மரங்களை நட்டு வேலிபோல வரிசை கட்டுவது. மீன் வேலியோரமாக நடந்து வந்து கடைசியில் உள்ள அறைக்குள் விழும். எங்களுக்குச் சோறு அந்த அறையிலிருந்துதான் வருகிறது.

இப்போது ஒரு தவுக்கே, பணக்காரச் சீன முதலாளி, எங்கள் வேலிக்கு நேர் முன்னால் இரண்டு கேலோங் நடக் கேட்டிருக்கிறார். முன்வேலி வந்தால் பின்வேலிக்கு நுரைதான் மிஞ்சும். கடலில் மீன் குறைந்துகொண்டே போகிறது, இன்னும் வேலி வேண்டாம் என்று இவர் மனுக் கொடுத்தார். ஜொகூர் பாரு மீன் ஆபீஸிலிருந்து பதில் வந்தது. மூவார்க் கரையில் மீன் வருஷா வருஷம் கூடுகிறதாம், கணக்கு அப்படிச் சொல்கிறதாம், ஆகவே இடம் உண்டாம். போன வருஷக் கணக்கும் ஏறியிருந்தால் பங்குனிக் கடைசியில் அனுமதி கையெழுத்தாகும். கணக்கு எழுதிய கிளார்க் கனகசபை. எங்கள் அத்தான், உன் வீட்டுக்காரர்.

அந்தக் கணக்கை ஒருதரம் திருப்பிப் பார்க்கச் சொல்லி அத்தானைக் கேட்பாயா?

நான் நேரில் வரமாட்டேன். அம்மாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்தபோது உன் வீட்டுப் பலகையில் குந்தி இருந்தேன். எழும்பி ஒழுங்கை முனை வரைக்கும்தான் போயிருப்பேன், நீ அந்தப் பலகைக்கு வாளித் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. சிலுவை போடுகிற வேதக்காரனைக் கட்டினவள், மீன் நாறுகிறவள். விளங்குகிறது.

பாக்கியம்


சிவமயம்

ஜொகூர் பாரு
21-1-1935

செல்லப்பாக்கியத்துக்கு முருகன் துணை நிற்க.

உன் கடிதம் வந்தது. பலகையைப் பற்றி நான் ஒன்றும் எழுதப் போவதில்லை. அன்றைக்கு வீட்டில் ஐயர் இருந்தார், சடங்கு இருந்தது. உனக்கு அது தெரியும்.

கணக்கைப் பழிக்காதே. அதை யார் கூட்டினதென்று தெரியாமல் பேசுகிறாய். சொல்கிறேன், வாசித்துவிட்டு அடுப்பில் போடு. அத்தானுக்கு ஐந்து வருஷமாகக் கண்ணில் படலம். ஆபீஸுக்குத் தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதனால் தாள்களைப் பைக்குள் வைத்துக் கொண்டு வருவார், நான் கூட்டுவேன். பள்ளிக்கூடம் போகாத நான் பதிகப் புத்தகத்தின் பக்க எண்களைப் பார்த்து இலக்கம் படித்தவள் என்பது உனக்குத் தெரியும். இன்றைக்கு வரைக்கும் என் கூட்டலில் ஒரு பிழை வந்ததில்லை. 1930இல் உங்கள் கரையில் நாலாயிரத்து இருநூறு பிக்குல் நிறை. 1933இல் நாலாயிரத்து நானூறு. ஆபீஸ் துரை அதைக் கோடாக வரைந்து சுவரில் மாட்டியிருக்கிறாராம். ஏறுகிற கோடு. அத்தான் வந்து சொன்ன அன்று நான் சுவாமிக்குச் சர்க்கரைப் பொங்கல் வைத்தேன்.

எங்கள் வீட்டில் அந்தப் பண்டத்தின் பெயரையும் எடுப்பதில்லை. ஆனாலும் சுத்தமான மேசை பூசை அறையில்தான் இருக்கிறது. தாளின் தலைப்பில் அதன் பெயர்கள் இங்கிலீசில் இருக்கும். சுவாமிக்கு முன் அதை விரிக்க மனம் வராமல், மேல் விளிம்பை உள்ளே மடித்துவிட்டு, இலக்கங்களை மட்டும் பார்த்துக் கூட்டுவேன். அவ்வளவு பயபக்தியோடு செய்த கணக்கு அது.

உன் வீட்டுக்காரரின் வேலிக்கு வராத மீன் வேறு வேலிக்குப் போயிருக்கும். உயிரைக் கொன்று பிழைக்கிற தொழிலில் ஏற்றமும் இறக்கமும் இருக்கும். செவ்வாய் விரதம் பிடி.

ஞானேஸ்வரி


பாரிட் ஜாவா
2-2-1935

அக்கா,

விளிம்பை மடித்துப்போட்டுக் கூட்டுகிறாயா! இவருக்கு வாசித்துக் காட்டினேன். "உம்மட அக்கா மீனைப் பேர் தெரியாமலே எண்ணுறா. மீனுக்கும் அவவைத் தெரியாது. ஆளுக்காள் சரி" என்று விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு வெளியே போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். கூப்பிட்டும் சாப்பிட வரவில்லை.

விரதம் பிடி என்கிறாய். நான் வெள்ளிக்கிழமையை விட்டேன் என்று யார் சொன்னது? இங்கே வெள்ளிக்கிழமை வந்தால் ஒரு வேடிக்கை. இவருக்கு அன்றைக்கு இறைச்சி ஆகாது, மீன் ஆகும். எனக்கு மீனும் ஆகாது. "கடல் உமக்கு, ஆடு எனக்கு விலக்கு. மிஞ்சினது பருப்பு" என்று சொல்லிச் சொல்லிச் சாப்பிடுவார். இந்த வீட்டில் வெள்ளிக்கிழமை ஒருநாளும் மீன் கொதித்ததில்லை. நீ கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

மீன் வேறு வேலிக்கும் போகவில்லை, அக்கா. பக்கத்து மலாய்க்காரர் வேலியும் அப்படித்தான். முன்பெல்லாம் ஐஸ் படகு வரும், பச்சையாகவே எல்லாம் போய்விடும். ரப்பர் விலை விழுந்து தோட்டத்துச் சனங்களை இந்தியாவுக்குக் கப்பலேற்றினார்களே, அதற்குப் பிறகு பச்சை மீன் வாங்க ஆளில்லாமல் ஐஸ் படகு குறைந்தது. போன வருஷம் ஒரேயடியாக நின்றுவிட்டது. இப்போது கரை முழுவதும் காய வைக்கிறோம். முற்றம், கூரை, நடைப்பலகை, எங்கும் நெத்தலி. கூனி இறாலை இடித்துப் பெலாச்சான் ஆக்குகிறோம். பார்க்கிறவனுக்கு நிறைய இருக்கிற மாதிரித் தெரியும். ஆனால் படகில் வருவது முன்போல இல்லை. அது எங்கள் கைக்குத் தெரிகிறது.

இனிக் கேட்க மாட்டேன். நீ கூட்டு.

பாக்கியம்


சிவமயம்

ஜொகூர் பாரு
3-3-1935

தங்கச்சிக்கு,

இதை எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை. மிளகாயிலிருந்து தொடங்குகிறேன்.

தை மாதம் கடையில் நிறுத்து ஆறு கட்டி பச்சை மிளகாய் வாங்கி மோரில் போட்டுக் காய வைத்தேன். வெயில் நன்றாக இருந்தது. நேற்று மாதக் கணக்குப் பார்க்கும்போது, வாங்கின பக்கத்தில் மிளகாய் ஆறு கட்டி, ஆக்கின பக்கத்தில் மோர்மிளகாய் இரண்டு கட்டி, ஆக வீட்டில் இருப்பு எட்டு என்று கூட்டிவிட்டேன். சாடியைப் பார்த்தால் இரண்டுதான். வீட்டில் அரைக்கவும் துவைக்கவும் வருகிற வெள்ளையம்மாவைக் கூப்பிட்டு, "மிச்சம் ஆறு கட்டி எங்கே?" என்று கேட்டேன். கேட்ட தொனி நல்ல தொனி இல்லை.

அவள் அழுதுவிட்டாள். "சாமி சத்தியமா நான் எடுக்கலம்மா. வேணும்னா எங்க லயத்து வூட்ல வந்து பாத்துக்குங்க. ஒங்க மொளகாய வெயிலுதான் எடுத்துக்கிச்சு!"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆறும் இரண்டும் ஒரே மிளகாய்தானே, இதை இரண்டு தரம் எழுதியிருக்கிறேனே என்று சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே சிரிப்பு நின்றுவிட்டது. உன் முற்றத்து நெத்தலி நினைவுக்கு வந்தது.

1930ஆம் வருஷத்துக்கு அத்தான் ஒரு கட்டுத் தாள்தான் கொண்டு வந்தார். அடுத்த வருஷத்திலிருந்து இன்னொரு கட்டும் வந்தது. "இதையும் சேரும்" என்றார். சேர்த்தேன். அது என்ன கட்டென்று நான் கேட்கவில்லை. தலைப்பில் எழுதியிருந்திருக்கும். தலைப்பைத்தான் மடித்துவிட்டேனே.

நீ எனக்கு இரண்டு கேள்விக்குப் பதில் எழுத வேண்டும். அந்தப் பண்டத்தை, மீனை, கரையில் இறக்கும்போது பச்சையாக நிறுக்கிறார்களா? அதே மீனைக் காய்ந்த பிறகு சிங்கப்பூருக்கு ஏற்றும்போது மறுபடியும் நிறுக்கிறார்களா?

வேறு கதை எழுதாமல் அதை மட்டும் தனித் தாளில் எழுது. அத்தானுக்கு வாசித்துக் காட்ட வேண்டியிருக்கும்.

வெள்ளையம்மாவிடம் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. இரண்டு கை மோர்மிளகாய் கட்டிக் கொடுத்தேன். வாங்காமல் போய்விட்டாள், இன்றைக்கு வேலைக்கும் வரவில்லை.

ஞானேஸ்வரி


பாரிட் ஜாவா
9-3-1935

அக்கா,

தனித் தாள் இதற்குள் இருக்கிறது. உனக்கு இங்கே எழுதுகிறேன்.

ஓம், இரண்டு தரமும்தான். படகு வந்ததும் துறையில் ஒருவர் பச்சையாக நிறுத்து எழுதுவார். காய்ந்த பிறகு சுங்கக் கொட்டிலில் இன்னொருவர் நிறுத்து எழுதுவார். மூன்று பிக்குல் பச்சை காய்ந்தால் ஒரு பிக்குல் கருவாடு. பெலாச்சானுக்கும் அப்படியே. இரண்டு பேரும் நேர்மையானவர்கள், ஒரு கட்டிகூடக் கூட்டி எழுதமாட்டார்கள். இரண்டு பேருடைய தாளும் உன் மேசைக்கு வந்திருக்கிறது.

அப்படியென்றால், அக்கா, விற்க வழியில்லாமல் நாங்கள் காய வைக்கக் காய வைக்க உன் தாளில் கடல் நிரம்பிக்கொண்டே போயிருக்கிறது. எங்கள் கஷ்டத்தை நீ ஏற்றமாக எழுதியிருக்கிறாய். அதற்குப் பொங்கலும் வைத்திருக்கிறாய்.

இவருக்கு விஷயத்தைச் சொன்னேன். இந்தத் தரம் சிரிக்கவில்லை. "அவவுக்கு இப்ப எப்பிடி இருக்கும்?" என்று மட்டும் கேட்டார்.

பாக்கியம்


சிவமயம்

ஜொகூர் பாரு
17-3-1935

தங்கச்சிக்கு,

அத்தானிடம் சொன்னேன். நீ எழுதிய தாளை வாசித்தேன். மிளகாய்க் கதையையும் சொன்னேன். தாளைக் கேட்டு வாங்கி மடித்து வைத்தார். பிறகு கேட்டார்:

"இப்ப என்ன செய்யச் சொல்லுறீர்? எனக்குக் கண் தெரியாது, பெண்சாதிதான் கூட்டினவ எண்டு துரைக்கு முன்னால நிண்டு சொல்லட்டோ?"

"உங்களுக்கு அது என்ன கட்டெண்டு தெரியுமோ?" என்று கேட்டேன்.

"தெரியும். ரெண்டும் ஒரே மீன் எண்டுதான் தெரியாது. நான் எப்ப மீன் காய வைச்சனான்?"

அவரைக் குற்றம் சொல்ல முடியவில்லை. மீனை வாசலோடு நிறுத்திய வீட்டுக்காரி நான்தான். கொஞ்சம் பொறுத்து, "வாற வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சுப் போடுவம், ஒருத்தருக்கும் தெரியாது" என்றார். வருகிற வருஷம் அங்கே வேலி நட்டிருப்பார்களே என்றேன். எழும்பி வெளியே போய்விட்டார். படியில் கால் தவறித் தூணைப் பிடித்தார். நான் பார்க்காதது போல இருந்தேன்.

1934ஆம் வருஷத்துத் தாள்கள் இப்போது என்னிடம் இருக்கின்றன. பழையபடி கூட்டினால் நாலாயிரத்து நானூற்று நாற்பது. கருவாட்டையும் பெலாச்சானையும் தனியே எடுத்தால் மூவாயிரத்து முந்நூற்று முப்பதுதான். 1930இலிருந்து பார்த்தால் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் போய்விட்டது. நல்ல பிரதி எழுதி மாதக் கடைசிக்குள் ஆபீஸில் கொடுக்க வேண்டும்.

அவருக்குத் தெரியாமல் சரியான தொகையை எழுதிவிடலாம். அவர் கண்ணுக்கு என் எழுத்துத் தெரியாது, விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போடுவார். அப்படிச் செய்ய நினைத்தேன். நினைத்த பிறகு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பூசை அறைக்குள் போகவும் கூச்சமாக இருக்கிறது. இத்தனை நாள் சுவாமியிடமிருந்து எதை மறைத்தேன்? என்னிடமிருந்துதான் மறைத்தேன்.

ஞானேஸ்வரி


பாரிட் ஜாவா
22-3-1935

அக்கா,

அவசரமாக எழுதுகிறேன், பஸ்காரர் நிற்கிறார். நீ ஒன்றும் செய்யாதே.

அத்தானின் வேலை போனால் ஆபீஸ் கொடுத்த குவாட்டர்ஸும் போகும். கண் தெரியாத மனிதரை வைத்துக்கொண்டு நீ எங்கே போவாய்? எங்கள் வேலியைக் காக்க உன் வீட்டைப் பிடுங்க வேண்டாம். இவரும் அதையே சொல்கிறார். அவருடைய தம்பி ஒருவர் பொந்தியானில் அன்னாசித் தோட்டத்தில் இருக்கிறார், அங்கே வரச் சொல்லியிருக்கிறார். கடலை விட்டுப் போனால் இவர் எப்படி இருப்பாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் போகலாம்.

முதல் கடிதத்தில் பலகையைப் பற்றி எழுதினேனே. உன்னைக் குத்தி வேலை வாங்கத்தான் அதை எழுதினேன். அதை நினைத்தால் இப்போது எனக்குத்தான் வெட்கமாக இருக்கிறது.

பாக்கியம்


சிவமயம்

ஜொகூர் பாரு
14-4-1935, வருஷப் பிறப்பு

என் தங்கச்சிக்கு,

உன் கடிதம் வந்த மறுநாள் காலை, பூசை முடிந்ததும், அத்தானை மேசைக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருத்தினேன். தாளின் விளிம்பை நிமிர்த்தினேன். ஐந்து வருஷ மடிப்புப் பழக்கம், கை தானாக மடிக்கப் போயிற்று. அகராதியில் தேடி எழுதி வைத்திருந்த பெயர்களைச் சுவாமிக்கு முன்னால் வாய்விட்டு வாசித்தேன். பச்சை மீன் இவ்வளவு. கருவாடு இவ்வளவு. பெலாச்சான் இவ்வளவு. பின்னவை இரண்டும் முன்னதிலிருந்தே வந்தவை, ஆகையால் கூட்டவில்லை.

ஒன்றும் இடிந்து விழவில்லை.

அவர் "திருப்பி வாசியும்" என்றார். திருப்பி வாசித்தேன். "இதைக் குடுத்தால் என்ன நடக்கும் எண்டு தெரியுந்தானே?" என்றார். தெரியும் என்றேன். "பழசுகளையும் திருத்தி எழுதினீரோ?" எழுதினேன் என்றேன். கையை நீட்டி, "பேனையைத் தாரும்" என்றார். கையெழுத்துப் போடும் இடத்தை நான் விரலால் காட்டினேன்.

ஆபீஸில் துரை, ஏறிக்கொண்டிருந்த கோடு ஏன் விழுந்தது என்று கேட்டாராம். "கோடு விழவில்லை, நாங்கள்தான் ஏற்றி வைத்திருந்தோம்" என்று அத்தான் சொன்னாராம். கண்ணைப் பற்றியும் என்னைப் பற்றியும் மிளகாயைப் பற்றியும் மறைக்காமல் சொல்லிவிட்டார். ஆனி மாதத்தோடு வேலை முடிகிறது. குவாட்டர்ஸை விட வேண்டும். துரை இன்னும் ஒன்று கேட்டாராம், மிளகாயில் பிழையைக் கண்ட அந்த அம்மாவுக்கு என்ன வயது என்று. அதை அத்தான் வீட்டுக்கு வந்து சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்து நாளாகிறது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்று கோயிலில் தலைமைக் கிளார்க்கின் மனைவி நாலு பேருக்குக் கேட்கும்படி, "மீன்கணக்குப்பிள்ளை வாறா, வழிவிடுங்கோ" என்றாள். எல்லோரும் விலகினார்கள். சேலை முட்டாதபடி விலகினார்கள். அப்போதுதான் நீ என் பலகையிலிருந்து எழும்பிப் போனது எப்படி இருந்திருக்கும் என்று தெரிந்தது. அதைப் பற்றி எழுத மூன்று தாள் எடுத்தேன், மூன்றையும் கிழித்தேன். அன்றைக்கு ஐயர் போன பிறகுதான் நீ வந்தாய். சடங்கும் முடிந்திருந்தது. நான் எழுதியது பொய்.

வெள்ளையம்மா திரும்பி வந்தாள். நான் மன்னிப்புக் கேட்டேன். "சரி வுடுங்கம்மா, வெயிலு மேல கேஸ் போடுவோம்" என்றாள்.

குவாட்டர்ஸை விட முன்னர் உன்னை வந்து பார்க்க ஆசை. ஒரு வெள்ளிக்கிழமை வரட்டோ? அன்றைக்கு உன் வீட்டில் பருப்புத்தானே.

அக்கா


பாரிட் ஜாவா
27-4-1935

அக்கா,

தவுக்கேயின் அனுமதியை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். துறையிலும் கொட்டிலிலும் எப்படி நிறுக்கிறார்கள் என்று பார்க்க ஒரு அதிகாரி வந்து போனார். கருவாட்டு வாசனையில் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்கவில்லை, ஆனால் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். இந்த வருஷம் புதுவேலி இல்லை. அதற்காகக் கடலில் மீன் கூடிவிடவில்லை. நேற்றும் அறையில் அரைக்கூடைதான். ஆனால் குறைந்ததைக் குறைந்ததென்று எழுதியிருக்கிறார்கள் என்று இவர் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

அத்தானையும் கூட்டிக்கொண்டு வா. எங்கள் வீட்டின் ஆற்றுப்பக்கத்து அறை சும்மாதான் கிடக்கிறது. இவர் நேற்று அதற்குக் கைப்பிடி வைத்த படி அடிக்கத் தொடங்கிவிட்டார். அத்தானுக்கு ஒன்றும் முதலில் சொல்லாதே, மறுத்துவிடுவார்.

ஆனால் வெள்ளிக்கிழமை வராதே. செவ்வாயோ புதனோ, மீன் உள்ள நாளில் வா. முற்றம் முழுக்க நெத்தலி காயும். நீ நடந்து வர ஒரு ஓரம் விட்டு வைக்கிறேன். இருக்கப் பலகையும் போடுவேன். உனக்குப் புதுச்சட்டியில் தனியாகச் சமைக்கிறேன், அதில் ஒன்றும் படாது. வாசனை மட்டும் வரும், அதற்கு என்னால் ஒன்றும் செய்ய முடியாது.

வரும்போது மோர்மிளகாய் கொண்டு வா. நிறுக்காமல் அள்ளிப் போட்டுக்கொண்டு வா.

பாக்கியம்